ரோம மெத்தை

அண்ணாச்சி என் முன்னால் முதல்முறை சாப்பிட உட்கார்ந்த அன்று நான் எழுந்து ஓடினேன். ஊரிலிருந்து தாராவிக்கு வந்து இரண்டாவது நாள். மூன்று நாளைக்கு முந்தின பருப்புக் குழம்பைத் தகரப் போணியிலிருந்து சோற்றில் ஊற்றிக்கொண்டிருந்தார். மேலே வெள்ளையாகப் பூத்திருந்தது. கையைத் தூக்கினால் கூடவே நூல் வந்தது.

"எலே, எங்க ஓடுத? ஒக்காந்து ரெண்டு வாய் தின்னு."

"அண்ணாச்சி, கெட்டுப்போச்சு. நாறுது."

"எங்கன நாறுது? புளிச்சிருக்கு. புளி ஊத்தினது புளிக்காம இனிக்குமா?"

அவருக்கு மூக்கு இல்லாமல் இல்லை. நல்ல பெரிய மூக்கு. முகத்தில் மற்றதெல்லாம் அதற்கு இடம் விட்டு ஒதுங்கி நின்ற மாதிரி இருக்கும். ஆனால் அதில் வாசனை ஏறாது. மல்லிகைப்பூவும் மாட்டுச் சாணியும் அவருக்கு ஒன்றுதான். எப்படிப் போயிற்று என்று கேட்டால் ஆளுக்கு ஒரு கதை சொல்வார். சின்ன வயதில் அம்மை போட்டது என்று ஒருவனிடம். தோல் ஷாப்புச் சுண்ணாம்பு தின்றுவிட்டது என்று இன்னொருவனிடம். என்னிடம், "பாம்பேக்கு வரும்போது ரயில்ல எவனோ களவாண்டுட்டாம்ல" என்றார்.

அவர் பெயர் எனக்குத் தெரியாது. ஏழு வருஷம் ஒரே பரணில் படுத்துக் கிடந்தும் கேட்கத் தோன்றவில்லை. அண்ணாச்சி என்று கூப்பிட்டால் திரும்பினார், அது போதும் என்று விட்டுவிட்டேன். என் அறிவு அவ்வளவுதான். மூன்றாம் வகுப்பில் பள்ளிக்கூடத்தை நான் விட்டேனா, பள்ளிக்கூடம் என்னை விட்டதா என்பது இன்னும் தீராத வழக்கு.

நாங்கள் வேலை பார்த்த தோல் ஷாப்பில் அண்ணாச்சிக்குச் சுண்ணாம்புக் குழி வேலை. ஆட்டுத் தோலும் மாட்டுத் தோலும் உப்புப் போட்டு மூட்டையாக வரும். அதைக் குழியில் ஊறப்போட்டு, முடி கழன்றதும் எடுத்துப் பலகையில் விரித்து வளைந்த கத்தியால் சுரண்ட வேண்டும். மற்றவர்கள் வாயில் பீடியைக் கவ்விக்கொண்டு மூச்சைப் பிடித்து வேலை செய்வார்கள். இவர் பாட்டுப் பாடிக்கொண்டு செய்வார். குரலும் கிட்டத்தட்ட மூக்கு மாதிரிதான்.

ஒருமுறை எங்கள் பரணில் பலகைக்கு அடியில் ஒரு பெருச்சாளி செத்துக் கிடந்தது. எந்தப் பலகை என்று தெரியவில்லை. மற்ற ஆறு பேரும் பாயைச் சுருட்டிக்கொண்டு நான்கு நாள் வெளியே சாக்கடை ஓரத்தில் படுத்தோம். சாக்கடை எங்களுக்குப் பன்னீர் மாதிரி இருந்தது. அண்ணாச்சி மட்டும் உள்ளே கால் கையை நீட்டிப் படுத்துக்கொண்டு, "ஏம்ல எல்லாவனும் கோவிச்சுக்கிட்டுப் போயிட்டிய? இருந்தாலும் எடம் தாராளமா இருக்கு கேட்டியா" என்று குரல் கொடுத்தார். பிறகு பார்த்தால், பெருச்சாளி அவர் தலைக்கு நேர் கீழே இருந்தது.

இதையெல்லாம் சொல்லிச் சிரிக்கலாம். என் கதையையும் சொல்ல வேண்டுமே. ஆறாவது மாதம் அதே தகரப் போணியிலிருந்து நானும் ஊற்றிப் பிசைந்தேன். நூலை விரலால் அறுத்துவிட்டுத் தின்றேன். ருசியாகக்கூட இருந்தது.

ஏழு வருஷம் கழித்து ஊருக்குப் போய்க் கல்யாணம் செய்துகொண்டேன். மாமனாருக்கு ஊரில் எண்ணெய்க் கடை. சுத்தக்காரர். கல்லாவுக்கு முன்னால் நிற்கிறவன் எச்சில் துப்பினால் அவனுக்குச் சாமான் கிடையாது. அவரிடம் பம்பாயில் கம்பெனி வேலை என்று சொல்லியிருந்தேன். என்ன கம்பெனி என்று அவர் கேட்கவில்லை, நானும் வாயைத் திறக்கவில்லை. கிளம்பும்போது அவர் தெளிவாகச் சொன்னார்.

"மாப்பிளே, வீடு பாத்துட்டு எழுதுங்க. பேச்சிய நானே கூட்டிட்டு வாரேன். மனுசன் இருக்கிற வீடு மாதிரி இருந்தா விட்டுட்டு வருவேன். இல்லைன்னா ரெண்டு பேரும் அடுத்த ரயிலைப் பிடிச்சிருவோம். அதுக்கப்புறம் நீங்க வந்து கூப்பிடக் கூடாது."

பேச்சியம்மாள் கதவுக்குப் பின்னால் நின்று என்னைப் பார்த்தாள். நான் பெரிய வீரன் மாதிரி தலையை ஆட்டினேன்.

பம்பாய்க்குத் திரும்பி, தோல் ஷாப்பை விட்டுவிட்டு, செம்பூரில் தகர டப்பா செய்கிற ஒரு கம்பெனியில் சேர்ந்தேன். பக்கத்திலேயே ஒரு வரிசை வீட்டில் ஒற்றை அறை கிடைத்தது. ஒரு மூலையில் கையளவு மோரி. குளிப்பது, பாத்திரம் கழுவுவது எல்லாம் அதில்தான். முன்பணம் கொடுத்ததும் சட்டைப்பை காற்றாடியது. அறையில் இருந்தது ஒரு மண்ணெண்ணெய் ஸ்டவ், ஒரு சட்டி, சுவரில் ஓர் ஆணி. ஆணியும் முன்பு இருந்தவன் பிடுங்க முடியாமல் விட்டுப் போனது.

செய்தி கேட்டு அண்ணாச்சி வந்தார். அறை நடுவில் நின்று ஒரு சுற்றுச் சுற்றினார்.

"ராசா வீடுல்லா பிடிச்சிருக்க! சாமான் ஒண்ணும் இல்லையோ?"

"காசு இல்ல அண்ணாச்சி."

"காசு எதுக்குலே? ஷாப்புல தூரப் போடுதது பூராம் வீட்டுச் சாமாந்தான். பிள்ளை வந்து எறங்கும்போது அசந்து போகணும். நீ பேசாம இரி."

நான் பேசாமல் இருந்தேன். என் வாழ்க்கையில் பேச வேண்டிய நேரத்தில் பேசாமலும், வாயை மூட வேண்டிய நேரத்தில் பேசியும் கெட்டவன் நான்.

முதலில் மெத்தை. ஆட்டுத் தோலில் சுரண்டின முடியை யாரும் சீந்துவதில்லை. அண்ணாச்சி அதை எட்டுத் தண்ணீரில் அலசி, மைதானத்தில் எட்டு நாள் காயப் போட்டார். மில்லில் கழித்து எடைக்குப் போடுகிற துண்டுத் துணியில் சிவப்பு ரோஜாப்பூப் போட்டதாகப் பொறுக்கி வாங்கி, தோல் தைக்கிற ஊசியால் உறை தைத்தார். முடியை அமுக்கி அமுக்கி அடைத்தார். பஸ்ஸில் கண்டக்டர் இறக்கிவிட்டதால் தாராவியிலிருந்து சயன் வழியாகச் செம்பூருக்குத் தலையில் வைத்து நடந்தே வந்தார். வேர்த்து ஊற்றியபடி வாசலில் இறக்கினார். முகத்தில் அத்தனை சந்தோஷம்.

"பாம்பேல மரியாத செத்துப் போகலலே. மெத்தையோட ஒரு மனுசன் வாரான்னு கண்டதும் சனம் ரெண்டு பக்கமும் ஒதுங்கி வழி விடுது. ஒருத்தர் துண்டை எடுத்து வாயப் பொத்திக்கிட்டு நிக்காரு, சாமி போற மாதிரி!"

நான் மெத்தையில் முகத்தைப் புதைத்துப் பார்த்தேன். மெத்தென்று இருந்தது. "சுத்தமா இருக்கு அண்ணாச்சி" என்றேன். பொய்யில்லை. ஏழு வருஷத் தாராவிக்குப் பிறகு என் மூக்கும் சும்மா முகத்தில் தொங்கிக்கொண்டிருந்த சதைதான்.

அடுத்து சுவர். காரை பெயர்ந்து, பழைய எண்ணெய்க் கறையும் மூட்டைப்பூச்சி நசுக்கின கோடுகளுமாக இருந்தது. சுண்ணாம்படிக்க வழியில்லை. பழைய பேப்பர்க் கடையில் வெள்ளைக்காரப் பத்திரிகைகளின் வண்ணத் தாள்களை ஒரு கட்டு வாங்கி வந்தார். ஒட்டப் பசை வேண்டும். பசைக்கும் ஷாப்புதான். தோலில் சீவியெறிகிற சவ்வையும் ஓரத்தையும் தகர டின்னில் போட்டு என் ஸ்டவ்வில் ஏற்றிக் காய்ச்சினார். ஆசாரிமார் மரம் ஒட்டுகிற வஜ்ரம் அதுதான். எல்லாரும் பால் காய்ச்சிக் குடிபோவார்கள். என் வீட்டில் முதன்முதலாகப் பொங்கி வழிந்தது மாட்டுச் சவ்வு. அண்ணாச்சி அதைக் கரண்டியால் கிண்டிக்கொண்டு, "பதம் வருது, பதம் வருது" என்றார், என்னவோ அல்வா கிண்டுகிற மாதிரி.

ஆனால் ஒட்டினாரே, அதைச் சொல்ல வேண்டும். கண்டபடி ஒட்டவில்லை. ஸ்டவ்வுக்கு மேலே கேக்கும் பழமும் இருந்த படங்கள். மெத்தைப் பக்கம் பனிமலை. "வெக்கையில படுத்துக்கிட்டுப் பாத்தா குளுகுளுன்னு இருக்கும்லா." வாசலுக்கு எதிரே தொப்பியைத் தூக்கிச் சிரிக்கிற ஒரு வெள்ளைக்காரன். "வாரவங்கள வாங்கன்னு சொல்ல ஆளு வேண்டாமா? நீ வேலைக்குப் போயிருவ." மோரிக்கு மேலே ஐஸ் பெட்டியைத் திறந்து வைத்துக்கொண்டு நிற்கிற ஒரு துரைசாணி. ஒரு படம்கூடத் தலைகீழாக இல்லை. இரண்டு தேயிலைப் பெட்டியை அதே வஜ்ரத்தில் ஒட்டி மேசையாக்கினார். போகும்போது, "இன்னும் ஒரே ஒரு சாமான் பாக்கி. ஒன் மாமனார் வந்தா ஒக்கார முக்காலி. தோல் காயட்டும், கொண்டாரேன்" என்றார்.

பதினைந்து நாள் ஆயிற்று. செம்பூர்க் காற்று, தகர டப்பா வேலை, புது இடம். ஒருநாள் சாயங்காலம் வேலை முடிந்து வந்து கதவைத் திறந்தேன். என் மூக்கு திரும்பி வந்துவிட்டது.

உள்ளே யாரோ செத்துக் கிடக்கிறார்கள் என்றே நினைத்தேன். குனிந்து கட்டிலுக்கு அடியில் பார்த்தேன். கட்டில் கிடையாது என்பது அப்புறம்தான் ஞாபகம் வந்தது. மெத்தையிலிருந்து ஈர ஆடு வீசியது. சுவரிலிருந்து மாடு வீசியது. பனிமலையிலிருந்துதான் அதிகமாக வந்தது. பதினைந்து நாளும் இதில்தான் முகம் புதைத்துப் படுத்திருந்தேன். இந்த மேசையில் வைத்துத்தான் சோறு தின்றேன். மோரிக்குப் போய் ஓங்கரித்தேன். துரைசாணி ஐஸ் பெட்டியைத் திறந்து வைத்தபடி பார்த்துக்கொண்டிருந்தாள்.

அடுத்த வீட்டு மராட்டிக்கார அம்மாள் மூக்கில் முந்தானையோடு வந்தாள். "க்யா மரா ஹை தேரே கமரே மே?"

என்ன செத்துப்போச்சு உன் அறையில் என்று கேட்கிறாள். "சூஹா" என்றேன், எலி. ஒரு வாரம் எலியில் ஓட்டினேன். எட்டாம் நாள், "கித்னே சூஹே?" என்று கேட்டாள். எத்தனை எலிதான் ஐயா!

மாமனார் கடிதம் வந்துவிட்டது. வேறு மெத்தை வாங்கக் காசில்லை. வெறும் தரையைக் காட்டினால் பெண்ணைத் திருப்பிக் கூட்டிப் போய்விடுவார். படங்களைக் கிழிக்கப் பார்த்தேன். வஜ்ரம் விடவில்லை, காரையோடு கையளவு சுவர்தான் வந்தது. ஊதுபத்தி கொளுத்தினேன், பினாயில் ஊற்றினேன், கற்பூரம் ஏற்றினேன். நாற்றம் போகவில்லை. கோயிலுக்குள் பிணம் கிடந்த மாதிரி ஆயிற்று. ஞாயிற்றுக்கிழமை அண்ணாச்சியை இழுத்து வந்தேன். மெத்தையில் முகத்தை வைத்து ஆழமாக மூச்சு இழுத்தார்.

"ரோசாப்பூ போட்ட மெத்தை எப்படிலே நாறும்? கல்யாணமான புதுசுல சிலவனுக்கு இப்படித்தான். பயம். பிள்ளை வந்தா சரியாப் போயிரும்."

பிள்ளை வந்த அன்று மழையும் வந்தது. தாதரில் இறங்கி நனைந்துகொண்டு வந்து சேர்ந்தோம். கதவைத் திறந்தால், காலையிலிருந்து பிடித்த ஈரத்தில் வஜ்ரம் இளகியிருந்தது. சுவர் முழுக்க வேர்த்து, பழுப்பாக ஒழுகியது. தொப்பிக்காரன் முகம் பாதி உரிந்து தொங்கியது. மெத்தை சுவரிலிருந்து நீரைக் குடித்துப் பொங்கியிருந்தது. அந்த நாற்றத்தை எழுத எனக்கு வார்த்தை கிடையாது. படித்தவர்களுக்கும் இருக்காது.

மாமனார் மேல்துண்டை எடுத்து மூக்கைப் பொத்தினார். டிரங்குப் பெட்டியைக் கீழே வைக்கவில்லை. பேச்சி மட்டும் மெல்ல உள்ளே வந்து படங்களைப் பார்த்தாள். கேக்கு, பழம், பனிமலை.

"மாப்பிளே, இது வீடா, இழவா? எங்கேருந்து வருது இந்த நாத்தம்?"

அப்போது வாசலில் அண்ணாச்சி நின்றார். தலைக்கு எண்ணெய் வைத்து வாரி, வெளுத்த சட்டை போட்டு, தொப்பலாக நனைந்து, தலைக்கு மேலே முக்காலி. பதனிடாத பச்சைத் தோலை இழுத்துக் கட்டின முக்காலி.

"வாங்க மொதலாளி, வா தாயி! பிரயாணம் சௌரியமா? மொதல்ல ஒக்காருங்க. ஒங்களுக்குன்னே செஞ்சது."

மழையில் ஊறின தோல். மாமனார் மரியாதைக்கு உட்கார்ந்தார். தோல் தொய்ந்து தரைவரை போயிற்று. முழங்கால் இரண்டும் காதுக்குப் பக்கத்தில் வந்துவிட்டது. பேச்சி தலையைக் குனிந்து சிரிப்பை விழுங்கினாள். மாமனார் தட்டுத்தடுமாறி எழுந்து, வேட்டியின் பின்புறத்தைத் தொட்டு, விரலை முகர்ந்து பார்த்தார். முகம் கறுத்துவிட்டது.

"இப்ப சொல்லுதீங்களா, பெட்டிய எடுத்துட்டு நாங்க கெளம்பட்டுமா? பேச்சி, வாம்மா."

நான் கையை நீட்டினேன். என் கைதான் நீண்டது, வேறு யாருடையதும் இல்லை.

"இவருதான் மாமா. தோல் ஷாப்புல வேலை பாக்காரு. இவரு வந்தா இப்படித்தான். போனா போயிரும்."

"இவரு இப்பத்தான வாராரு?"

"காலையிலயும் வந்துட்டுப் போனாரு."

அண்ணாச்சி காலையில் வரவில்லை. அவர் அதைச் சொல்லவில்லை. வலது கையைத் தூக்கி மூக்குக்கிட்டே வைத்து இழுத்தார். அப்புறம் இடது கை. அப்புறம் சட்டைக் காலர். ஒன்றும் ஏறவில்லை. என்னைப் பார்த்தார்.

"நெசமாவாலே?"

எத்தனையோ பேர் எத்தனையோ முறை நாறுகிறது என்று சொல்லியிருக்கிறோம். எப்போதும் "எங்கன?" என்றுதான் கேட்பார். இந்த ஒரு முறைதான் அப்படிக் கேட்கவில்லை. நான் "ஆமா" என்றேன்.

அவர் படியிலிருந்து இறங்கி மழையில் நின்றுகொண்டார். "சாமான் நாறுதுன்னு பயலுவ சொல்லுவானுவ. நான் நாறுதேன்னு ஒருத்தனும் சொன்னதில்ல மொதலாளி. மன்னிச்சுக்கிடுங்க. தெரியாம வீட்டுக்குள்ள வந்துட்டேன்." பேச்சியைப் பார்த்து, "தாயி, படம் பிடிச்சிருக்கா?" என்று கேட்டார். பேச்சி தலையசைத்தாள். அவர் போய்விட்டார்.

நான் ஜன்னலைத் திறந்து விட்டு, மாமனாருக்குக் காப்பி போட்டுக் கொடுத்து, ஊர்க்கதை கேட்டு, ஒரு மணி நேரத்தைத் தள்ளினேன். ஒரு மணி நேரத்தில் எந்த மூக்கும் பழகிவிடும். நான் ஏழு வருஷம் படித்த ஒரே படிப்பு அது. அதே மாதிரி மாமனார் துண்டை மூக்கிலிருந்து எடுத்தார். காற்றை இழுத்துப் பார்த்தார்.

"நெசந்தான். அந்த ஆளு போனதும் போயிட்டு. இனிமே அவனை வாசப்படி ஏத்தாதிங்க மாப்பிளே."

மறுநாள் மாமனாரை மட்டும் ரயிலேற்றிவிட்டுத் திரும்பினேன். வீட்டில் பேச்சி அரிவாள்மணையில் வைத்து மெத்தையைக் கிழித்திருந்தாள். ஒரு பிடி முடியை எடுத்து என் முகத்துக்கு நேரே காட்டினாள்.

"அவரு போயி ஒரு நாளாச்சே. இது என்ன, அவரு தலைமயிரா?"

சொன்னேன். எல்லாவற்றையும் சொன்னேன். அவள் திட்டவில்லை. மெத்தையை இழுத்துக்கொண்டு போய் வெளியே போட்டாள். மோரியில் கையைக் கழுவினாள். "போயிக் கூட்டிட்டு வாங்க. இந்த வீட்டுல மொத சோறு அவருக்குத்தான் போடணும்" என்றாள்.

நான் போகவில்லை. நாளைக்கு, ஞாயிற்றுக்கிழமை, சம்பளம் வந்ததும் என்று இழுத்தேன். பேச்சி தினம் கேட்டாள். பிறகு கேட்பதை நிறுத்தினாள். நிறுத்தினது பொறுக்காமல்தான் ஒருநாள் பகலில் தாராவிக்குப் போனேன்.

பரணில் அவர் பாய் இல்லை. வெளியே சுவரோரம் ஒரு கோணிப் படுதாவுக்குக் கீழே இருந்தது. பயல்கள் சிரித்தார்கள். "மூணு வேளை குளிக்காருடே அண்ணாச்சி. குழாயடியில பொம்பளையாளுக்குத் தண்ணி கெடைக்க மாட்டேங்கு." அவர் சாக்கடைக்கு அந்தப் பக்கம் நின்றார். நான் தாண்டப் போனேன்.

"அங்ஙனயே நில்லு, அங்ஙனயே நில்லு!" கையைக் காட்டி நிறுத்தினார். கைத்தோல் வெளுத்து வெடித்திருந்தது. சுண்ணாம்பு செய்யாததைச் சோப்பு செய்திருந்தது. "காத்து ஒன் பக்கந்தான் அடிக்கி. இப்ப எப்படிலே இருக்கு? கொறைஞ்சிருக்கா?"

"நாறல அண்ணாச்சி. அன்னைக்கே நாறல. நான் பொய் சொன்னேன். மெத்தையும் பசையுந்தான் நாறிச்சு."

அண்ணாச்சி சிரித்தார்.

"மெத்தை எப்படிலே நாறும்? எட்டுத் தண்ணியில்லா அலசினேன்."

"சத்தியமா அண்ணாச்சி. பேச்சி சோறாக்கி வச்சிருக்கா. வாங்க."

"நீ நல்ல பயலே. அன்னைக்கு மாமனார் முன்னால உள்ளதைச் சொல்லிட்ட. இப்ப என் மனசு நோவக் கூடாதுன்னு மாத்திச் சொல்லுத." குரலைத் தாழ்த்தினார். "இவனுவ ஒருத்தனும் சொல்லலலே, இத்தன வருசமா. நீ ஒருத்தந்தான் சொன்ன."

எதைச் சொன்னாலும் அவர் தன் மூக்கால் சரிபார்க்க முடியாது. என்னைத்தான் நம்ப வேண்டும். என்னைத்தான் நம்பினார்.

படுதாவுக்கு அடியிலிருந்து ஒரு காகிதச் சுருளை எடுத்துச் சாக்கடைக் கல்லின்மேல் வைத்தார். "சுவத்துல படம் கிழிஞ்சு தொங்கிச்சே, பாத்தேன். இது அதுக்கு. நான் தள்ளிப் போனப்புறம் எடுத்துக்க." பத்தடி பின்னால் போய் நின்றுகொண்டு, எடு எடு என்று சைகை காட்டினார்.

எடுத்தேன். தொப்பியைத் தூக்கிச் சிரிக்கிற இன்னொரு வெள்ளைக்காரன். காகிதத்தில் சோப்பு வாசனை குப்பென்று அடித்தது. வேறு எந்த வாசனையும் இல்லை. நான்கு எட்டு வைத்து, அவர் கண்ணுக்கு மறைந்ததும், சுவரைப் பிடித்துக்கொண்டு வாந்தி எடுத்தேன். ஏழு வருஷம் அந்தத் தகரப் போணியில் தின்றும் வராத வாந்தி.